குடும்ப ஜெபத்துக்கு வர மறுக்கும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தலாமா?

"எங்கள் வீட்டில் தினமும் இரவு குடும்ப ஜெபம் உண்டு. பதினைந்து வயது மகன் கொஞ்ச நாளாக வர மறுக்கிறான். வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருகிறான். கட்டாயப்படுத்தலாமா, அவன் போக்கில் விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதே கேள்வியை மனதில் சுமந்துகொண்டு நான் ஒன்றரை வருடம் அலைந்தேன். எங்கள் வீட்டில் வர மறுத்தவள் மகள். அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது, தம்பிக்கு எட்டு. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். ஒரு அம்மாவாக எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒருநாள் மாலை எனக்கும் அவளுக்கும் பெரிய வாக்குவாதம். பரீட்சை நேரத்தில் போனும் கையுமாக இருந்தாள். நான் பிடுங்கி வைத்தேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒன்பது மணிக்கு ஜெபத்துக்குக் கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்தாள். அன்று ஜெபிக்கிற முறை என்னுடையது. கண்ணை மூடி ஆரம்பித்தேன். "ஆண்டவரே, பெற்றோருக்குக் கீழ்ப்படிகிற இருதயத்தை இந்தப் பிள்ளைக்குத் தாரும். எதிர்த்துப் பேசுகிற குணத்தை அவளைவிட்டு எடுத்துப்போடும். நேரத்தை வீணாக்காமல் படிக்கிற ஞானத்தைக் கொடும்." எல்லாமே நல்ல வார்த்தைகள்தான். ஒவ்வொன்றுக்கும் வசனம்கூடக் காட்ட முடியும். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் அவள் அழுதுகொண்டிருக்கிறாள்.

"அம்மா, நீங்க இப்போ இயேசப்பாகிட்ட பேசலை. என்கிட்டதான் பேசினீங்க. நான் திருப்பிப் பேச முடியாதுன்னுதான் கண்ணை மூடிக்கிட்டுப் பேசினீங்க" என்றாள். அடுத்த நாளிலிருந்து ஜெபத்துக்கு வரவில்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஜெபத்துக்கு வராவிட்டால் போன் கிடையாது என்றேன். வந்தாள். மூன்று வாரம் அப்படியே ஓடியது. வேதம் வாசிக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஜெபிக்கச் சொன்னால், "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஆமென்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு எழுந்துவிடுவாள். அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டில் நடந்ததற்கு ஜெபம் என்று பெயர் வைக்க இப்போது எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், நாங்கள் வரிசையாக வாசித்துவந்த லூக்காவில் 18ஆம் அதிகாரம் வந்தது. பரிசேயனும் ஆயக்காரனும் தேவாலயத்துக்கு ஜெபிக்கப் போன உவமை. பரிசேயன் நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்கிறவன், ஆயக்காரன் ஊரே வெறுத்த வரி வசூலிக்கிறவன். சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதை. பெருமை கூடாது என்பதற்கான கதை என்றுதான் எப்போதும் எடுத்துக்கொள்வேன். அன்று ஒரே ஒரு சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது. மற்ற மனுஷரைப்போல நான் இல்லை என்று தேவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வருகிற பரிசேயன், "இந்த ஆயக்காரனைப்போலவும்" என்கிறான். 'இந்த.' தூரத்தில் நிற்கிறவனைக் கண்ணாலேயே சுட்டிக்காட்டிக்கொண்டு ஜெபிக்கிறான். "இந்தப் பிள்ளைக்கு" என்று நான் சொன்னதும் அதே 'இந்த'தான். எனக்கு வேர்த்துவிட்டது.

அன்று இரவு தூக்கம் வராமல், இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை மெதுவாக, சொல் சொல்லாகச் சொல்லிப் பார்த்தேன். எங்கள் பிதாவே. எங்களுக்கு வேண்டிய ஆகாரம். எங்கள் கடன்கள். எங்களைத் தீமையினின்று. முழுக்க முழுக்க 'எங்கள்'தான். கூட உட்கார்ந்திருக்கிற ஒருவரைத் தனியாகப் பிரித்து, 'இவளைத் திருத்தும்' என்று சொல்ல அதில் இடமே இல்லை. பிள்ளைக்காக ஜெபிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கதவைப் பூட்டி அந்தரங்கத்தில் ஜெபிக்க ஆண்டவர் சொன்ன அறைவீடு அதற்குத்தானே இருக்கிறது. பிள்ளையை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு அதைச் செய்வதுதான் தப்பு என்று எனக்குப் பட்டது.

மத்தேயு 5:23-24ஐ நீங்களும் அறிவீர்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற பகுதி. அந்த வசனம் "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் என்றுதான் சொல்கிறது. எனக்கு அவள்மேல் என்ன குறை என்பதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. அவளுக்கு என்மேல் என்ன குறை என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் எனக்கு மூன்று வாரமாகவே தெரியும். அவளே வாய்விட்டுச் சொல்லியிருந்தாள்.

மறுநாள் அவள் அறைக்குப் போனேன். "அன்னைக்கு ஜெபத்துல நான் உன்னைத் திட்டினேன். சாமிகிட்ட பேசுற மாதிரி உன்கிட்ட பேசினேன். தப்பு என்னுடையது. போனை வச்சு மிரட்டி ஜெபத்துக்கு வரவச்சதும் தப்பு. இனி மிரட்ட மாட்டேன்" என்றேன். "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கட்டிப்பிடித்து அழுதோம் என்றெல்லாம் எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை.

ஆனால் வீட்டுக்காரரும் நானும் ஒன்றை முடிவுசெய்தோம். யாருக்கும் யார்மேலாவது வருத்தம் இருந்தால் ஜெபத்துக்கு முன்னாலேயே பேசிவிட வேண்டும், நேரமானாலும் பரவாயில்லை. பிள்ளைகளைவிட எங்கள் இருவருக்கும்தான் இது கஷ்டமாக இருந்தது. மனைவியைக் கனப்படுத்தாவிட்டால் ஜெபத்துக்குத் தடை வரும் என்று பேதுரு (1 பேதுரு 3:7) எழுதியதை என் கணவர் அதுவரை திருமணப் பிரசங்கங்களில் மட்டுமே கேட்டிருந்தார். ஒருநாள் இருபது நிமிடம் பிள்ளைகளைக் காக்கவைத்துவிட்டு, இருவரும் உள்ளறையில் பேசி முடித்து வந்து உட்கார்ந்தோம். பாட்டு ஆரம்பிக்கும் முன், "பேசிட்டீங்களா?" என்று சின்னவன் கேட்டான். எல்லாம் அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

அடுத்து நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, ஏறக்குறைய பாதிப் பேரைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்தவர். வாரத்தில் ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவதாக 1712இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். ஜானுக்கு வியாழக்கிழமை, அவர் தம்பி சார்லசுக்குச் சனிக்கிழமை. எனக்குப் பிடித்தது அதற்குப் பின்னால் நடந்தது. 1732இல், தன் இருபத்தெட்டாவது வயதில், ஜான் வெஸ்லி தாய்க்கு எழுதுகிறார். அந்த வியாழக்கிழமை மாலையில் ஒரு சிறு பகுதியை இப்போதும் எனக்காக ஒதுக்க முடியுமா என்று கேட்கிறார். வளர்ந்த மகன் திரும்பக் கேட்டு வாங்குகிற அளவுக்கு அந்த நேரத்தில் ஏதோ இருந்திருக்கிறது.

நான் செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொண்டேன். அவளும் நானும் மட்டும் வெளியே நடந்துவிட்டு வருவோம். வேதம் கிடையாது, படிப்புப் பேச்சு கிடையாது. முதல் நான்கு செவ்வாய் அவள் தோழிகளைப் பற்றி மட்டும் பேசினாள். சில நாள் அதுவும் இல்லை. ஐந்தாவது செவ்வாய், எந்த முன்னுரையும் இல்லாமல் கேட்டாள்: "பாட்டிக்காக எட்டு மாசம் தினமும் ஜெபிச்சோமே, ஏம்மா சுகமாகலை?"

என் மாமியார் அதற்கு முந்தைய வருடம்தான் புற்றுநோயால் இறந்திருந்தார். எட்டு மாதமும் ஒவ்வொரு இரவும் பிள்ளைகள்தான் அவருக்காக ஜெபித்தார்கள். மகள் ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. அடக்கம் முடிந்த இரவே நாங்கள் வழக்கம்போல் உட்கார்ந்து, வழக்கம்போல் ஸ்தோத்திரப் பாட்டுப் பாடினோம். அது சாட்சி என்று நினைத்தோம். அந்தப் பிள்ளைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று முதலே அவளுக்கு ஜெப நேரம் பாரமாகியிருக்கிறது. நான் ஜெபத்தில் திட்டியது அந்தப் பாரத்தின்மேல் விழுந்த இன்னொரு அடி, அவ்வளவுதான்.

அவள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "தெரியலடா, எனக்கும் வலிக்குது" என்றேன். தேவனுடைய சித்தம் என்று ஒரு வரியில் மூடிவிடவில்லை என்பதற்காக இன்றைக்கும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். அன்று இரவு அவளுக்கு இரண்டு சங்கீதங்களைக் குறித்துக் கொடுத்தேன். ஒன்று 13ஆம் சங்கீதம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி, இரண்டே வசனத்துக்குள் நான்கு முறை 'எதுவரைக்கும்' என்று கேட்கிற சங்கீதம். இன்னொன்று 88. ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமலே அது முடிந்துவிடுகிறது. பல சங்கீதங்கள் அழுகையில் ஆரம்பித்துத் துதியில் முடியும். இது அப்படி முடிவதில்லை. இருந்தும் அதை வேதத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை. "இதுவும் ஜெபம்தானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எங்கள் வீட்டில் அதுவரை துதியும் வேண்டுதலும் மட்டும்தான் ஜெபமாக இருந்தன. முறையிட்டு அழுவதற்கு நாங்கள் இடமே வைத்திருக்கவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கட்டாயப்படுத்தலாமா, விட்டுவிடலாமா? சின்னப் பிள்ளையானால், மற்ற வீட்டு ஒழுங்கைப்போல ஜெபத்துக்கும் கூட்டிவந்து உட்கார வைக்கலாம் என்பேன். பதினைந்து வயதில் அது நடக்காது. நடந்தாலும் நீங்கள் எதிர்பார்க்கிற பலன் இருக்காது. "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்று கொலோசெயர் 3:21 சொல்கிறது. பிள்ளைகள் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனத்துக்கு அடுத்த வசனமே இதுதான். நான் முந்தைய வசனத்தை மட்டும் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன்.

அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். கெட்ட குமாரன் உவமையில், வீட்டைவிட்டுப் போன தம்பி திரும்பி வந்ததற்கு அப்பா விருந்து வைத்தார் என்று மூத்த மகன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் வராமல் நிற்கிறான். "தகப்பனோ வெளியே வந்து, அவனை வருந்தியழைத்தான்" (லூக்கா 15:28). கையைப் பிடித்து உள்ளே இழுக்கவில்லை. விருந்து நடக்கட்டும், அவன் வந்தால் வரட்டும் என்று உள்ளேயே உட்கார்ந்திருக்கவும் இல்லை. அவன் நிற்கிற இடத்துக்குப் போய், அவன் குறையைக் கடைசிவரை கேட்கிறார். நியாயமில்லாத குறைதான், ஆனாலும் நடுவில் நிறுத்தவில்லை. கேட்டுவிட்டு, "மகனே" என்று அழைத்துப் பேசுகிறார். அவன் உள்ளே வந்தானா என்று உவமையில் இல்லை.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஜெபம் முன்பு நாற்பது நிமிடம் போகும், இப்போது பத்து நிமிடம். மார்ட்டின் லூத்தர் 1529இல் குடும்பங்களுக்காக எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் (விசுவாசத்தின் அடிப்படைகளைச் சொல்லித்தரும் கேள்வி-பதில் நூல்) இரவு ஜெபம் சில வரிகள்தான். அதைச் சொல்லிவிட்டு உடனே சந்தோஷமாகத் தூங்கப் போ என்று எழுதியிருக்கிறார். களைத்த நாளில் இரண்டே வசனமுள்ள 117ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டுப் படுத்துக்கொள்வதும் உண்டு. அப்போஸ்தலன் பவுல் நடுராத்திரிவரை பேசிக்கொண்டிருந்தபோது ஒரு வாலிபன் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்தான். பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார், கடிந்துகொள்ளவில்லை. தேவனுடைய வார்த்தைகளைப் பிள்ளைகளிடம் எப்போதெல்லாம் பேச வேண்டும் என்று சொல்கிற உபாகமம் 6:7ஐயும் ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுத்துக்கொள்ளுகிறபோது, எழுந்திருக்கிறபோது என்று போகிறது. எங்கள் செவ்வாய்க்கிழமை நடையும் அதற்குள் அடங்கும் என்று நினைக்கிறேன்.

மகளுக்கு இப்போது பதினைந்து. சில இரவு வருகிறாள், சில இரவு வருவதில்லை. வராத நாளில் அறைக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறாள், பாட்டு கேட்கிற அளவுக்கு. போன மாதம் தம்பிக்குக் கடும் காய்ச்சல். யாரும் கூப்பிடாமலே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இயேசப்பா, இவன் இன்னைக்காவது தூங்கட்டும்" என்றாள். அவள் சொன்னதிலும் ஒரு 'இந்த' இருந்தது, அவன் நெற்றியில் வைத்த கையோடு.

உங்கள் மகன் ஏன் வர மறுக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. அவனிடம் கேட்டீர்களா? கேட்டுவிட்டு, எழுத முடிந்தால் இங்கே எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் இன்று இரவு எங்கள் ஜெபத்தில் உங்கள் வீட்டைச் சேர்த்துக்கொள்கிறோம். அவனுக்குப் புத்தியைக் கொடும் என்று கேட்க மாட்டோம், உங்கள் இருவருக்கும் ஒருவரோடொருவர் பேசத் தைரியம் தாரும் என்று கேட்போம்.