பொங்கல் விடுப்பில் பனிச்சறுக்கு: குல்மார்க்கா, ஔலியா?

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறோம். பொங்கலையொட்டி எங்களுக்குச் சேர்ந்தாற்போல் ஐந்து நாள் விடுப்பு கிடைக்கிறது. பனிச்சறுக்கு கற்க வேண்டும் என்று 14, 11 வயதுப் பிள்ளைகள் இருவரும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். ஒரு பயண முகவர் குல்மார்க் போகச் சொல்கிறார். இன்னொருவர் ஔலி மலிவு என்கிறார். எங்களில் யாருக்கும் முன் அனுபவம் இல்லை. எதைத் தேர்ந்தெடுப்பது?
— வாசகி, கோத்தகிரி

பதில்: ஐந்து நாள்தான் என்றால் காஷ்மீரில் உள்ள குல்மார்க். எந்த மலை அழகு என்பதை விட்டுவிடுங்கள். எங்கே அதிக நேரம் பனியில் நிற்க முடியும் என்று பாருங்கள். உத்தராகண்டில் உள்ள ஔலிக்கு டேராடூன் வரை விமானத்தில் போய், அங்கிருந்து ஔலியின் அடிவார ஊரான ஜோஷிமத்துக்கு ஏறத்தாழ பத்து மணி நேரம் மலைச்சாலையில் போக வேண்டும். திரும்பும்போதும் அதே பாடு. ஐந்து நாளில் ஒன்றரை நாள் சறுக்கினால் அதிகம். மலிவு என்று சொன்னவர் அந்தக் கணக்கையும் சொல்லியிருக்க வேண்டும். ஜோஷிமத்திலிருந்து ஔலிக்குப் போகும் ரோப் கார் 2023 ஜனவரியில் அந்த ஊரில் நிலம் உள்வாங்கியபோது நிறுத்தப்பட்டது. ரோப் காரைக் காட்டி யாராவது பயணத் திட்டம் விற்றால், அது இப்போது ஓடுகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பத்து நாள் விடுப்பு இருந்திருந்தால் நான் ஔலியையே சொல்லியிருப்பேன். அங்கே உத்தராகண்ட் அரசின் கர்வால் மண்டல் விகாஸ் நிகாம் நடத்தும் ஏழு நாள் பயிற்சி, ஆரம்பநிலையில் இருப்பவர்களுக்கு நல்ல வழி.

குல்மார்க் ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதன் புல்வெளி 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். எனவே நீலகிரிக்காரர்களுக்கு மூச்சுத் திணறுமோ என்ற கவலை அங்கே வேண்டாம். புல்வெளியை ஒட்டியுள்ள மென்சரிவுகளே உங்கள் நால்வருக்கும் போதும். கோண்டோலா கேபிள் காரின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை போகிறது. வேடிக்கை பார்க்கப் போகலாம். பழகாதவர் அங்கிருந்து சறுக்கி இறங்க நினைப்பது வம்பு. அந்த டிக்கெட்டை கேபிள் கார் கழகத்தின் இணையதளத்திலேயே முன்கூட்டி எடுங்கள். தரகரிடம் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

பனி இருக்குமா என்பதுதான் பெரிய கேள்வி. டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாளைக் காஷ்மீரிகள் கடுங்குளிர்க் காலமாகக் கணக்கிடுகிறார்கள். பொங்கல் அதன் நடுவில் வருகிறது. ஆனாலும் 2024 ஜனவரியில் பல வாரம் குல்மார்க் வெறும் புல்தரையாகக் கிடந்தது. மாதக் கடைசியில்தான் பனி விழுந்தது. பிப்ரவரியில் விடுப்பு எடுக்க வழியிருந்தால் பொங்கலைக் கோத்தகிரியிலேயே கொண்டாடுங்கள். இல்லையென்றால், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையை மட்டும் பதிவு செய்யுங்கள். பாதுகாப்பு நிலவரம் மாறினாலும் அது கைகொடுக்கும்.

விமான டிக்கெட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கோவையிலிருந்து தில்லி, அங்கிருந்து ஸ்ரீநகர் என்று தனித்தனியாக எடுத்தால் சில நூறு ரூபாய் குறையலாம். ஜனவரியில் தில்லியில் மூடுபனி சர்வ சாதாரணம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அந்தப் பணம் போனதுதான். ஒரே பதிவு எண்ணில் எடுத்திருந்தால் மாற்று ஏற்பாடு விமான நிறுவனத்தின் பொறுப்பு. வானிலையால் விமானம் ரத்தானால் இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் கட்டணத்தையோ மாற்று விமானத்தையோ கேட்க உரிமை உண்டு.

முகவரிடம் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். இரவு தங்குவது குல்மார்க்கிலேயா, அடிவாரமான தங்மார்க்கிலா? பனி கொட்டினால் தங்மார்க்கிலிருந்து மேலே போக, சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டி வேண்டும். அந்த வாடகை யாருடையது? ‘பனி விளையாட்டு’ என்று எழுதியிருப்பது பயிற்றுநரோடு சறுக்கக் கற்பதா, மரப்பலகையில் உட்கார வைத்து ஒரு முறை இழுத்துப் போவதா? இந்த மூன்றாவதில்தான் சண்டை அதிகம். சொன்னதைச் செய்யாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, முகவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் உதகையிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். முகவருக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை.

பயணக் காப்பீடு எடுத்தால் விலக்குப் பட்டியலை முதலில் படியுங்கள். பனிச்சறுக்கு அங்கே ஒளிந்திருக்கும். தமிழ்நாட்டு பிரீபெய்ட் சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்கட்டும்.

கேள்வி: பனிச்சறுக்கு உடை, காலணி எல்லாம் வாங்கிவிடலாமா? கொடைக்கானல் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டர்கள் போதாதா?
— வாசகர், கொடைக்கானல்

பதில்: கம்பளி ஸ்வெட்டரை மட்டும் போட்டுக்கொண்டு பனியில் விழுந்தால் நனைந்து கனக்கும். உள்ளே போட்டுக்கொள்ளலாம், மேலே நீர் புகாத உடை வேண்டும். மேலுடை, பலகை, காலணி மூன்றையும் அங்கேயே வாடகைக்கு எடுங்கள். குளிர் தாங்கும் உள்ளாடை, கையுறை, பனிக்கண்ணாடி ஆகியவற்றை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். வாடகைக் கையுறை முந்தைய ஆளின் ஈரத்தோடு வரும். காலணியைக் கடையிலேயே இறுக்கிப் பூட்டி, முழங்காலை முன்னே வளைத்துப் பாருங்கள். குதிகால் மேலே எழும்பினால் அளவு பெரிது. தயங்காமல் மாற்றிக் கேளுங்கள்.