ஒரு கேபிக்குள் ரேடியோவா?

வணக்கம் ஐயா,

எனக்குப் பாம்பன். விசைப்படகில் போகிறேன். மச்சான் மெமரி கார்டில் ‘எம்3யூ’ என்று முடியும் ஒரு ரேடியோ ஃபைலைப் போட்டுக் கொடுத்தான். வீட்டில் பாடுகிறது, கடலுக்குள் போனால் ஊமையாகிவிடுகிறது. இன்னொன்று, காலமான பெரியப்பா வலை இழுக்கையில் பாடிய அம்பாப் பாட்டு. யாரோ பழைய பட்டன் போனில் பதிந்தது. ‘ஏஎம்ஆர்’ என்று முடிகிறது. பெயரை ‘எம்பி3’ என மாற்றியும் பாடவில்லை. இரண்டும் கெட்டுப்போய்விட்டதா?

வாசகர், பாம்பன்

அன்புள்ள தம்பி,

கெட்டுப்போயிருக்காது. மச்சான் கொடுத்த ஃபைலின் அளவைப் பாருங்கள், அநேகமாக ஒரு கேபிகூடத் தேறாது. சாதாரண எம்பி3 பாட்டுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி வேண்டும். அப்படியென்றால் உள்ளே பாட்டே இல்லை. நோட்பேடில் திறந்தால் ‘எச்டிடிபி’ என்று தொடங்கும் இணைய முகவரி ஒன்று தெரியும். கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்து விலாசம்தானே இருக்கும், பந்தியா இருக்கும்? பிளேயர் அந்த விலாசத்துக்குப் போய் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிப் பாடுகிறது. சிக்னல் போனால், முன்கூட்டி வாங்கி வைத்த சில நொடிகள் ஓடும். அப்புறம் நின்றுவிடும்.

பிஎல்எஸ், ஏஎஸ்எக்ஸ் என்று முடியும் ஃபைல்கள் எல்லாமே இதே வகைதான். 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த முறையில் இந்த ஃபைல் எம்3யூ8 என்று வரும். அதில் ஒலியைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, அந்தத் துண்டுகளின் பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பார்கள். விஎல்சி என்ற பிளேயர் எல்லாவற்றையும் திறக்கும். 64 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் வரும் ரேடியோ என்றால் மணிக்கு 29 எம்பி டேட்டா போகும், பெரிய செலவில்லை. ஆனால் தனுஷ்கோடிப் பக்கம் போனில் இலங்கை டவர் ஏறிவிடும். ரோமிங் டேட்டாவை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் பில் வேறு மாதிரி வரும்.

கரையோரம்தான் இருக்கிறீர்கள் என்றால் இந்த வம்பே வேண்டாம். உங்கள் ஊரிலேயே மீனவர்களுக்கென்று ‘கடல் ஓசை’ 90.4 எஃப்எம் ரேடியோ இருக்கிறது. எஃப்எம் உள்ள போனில் இயர்போனைச் செருகினால் அதன் வயரே ஏரியல், டேட்டா வேண்டியதில்லை. அலை எட்டும் தூரம் வரை கேட்கலாம்.

பெரியப்பா பாட்டுக்கு வருகிறேன். பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. ஏஎம்ஆர் என்பது போன் பேச்சுக்காகச் செய்த வடிவம். ஒலியை நொடிக்கு 8,000 முறைதான் அளந்து பதியும், நிமிடத்துக்கு 100 கேபிக்குள் அடக்கிவிடும். பேச்சுக்கு அது போதும். பாட்டு என்றால் மேல் சுருதிகள் பதியாமலே போயிருக்கும், எம்பி3 ஆக்கினாலும் அவை திரும்பி வராது. ஆனால் அம்பாவுக்குக் குரலும் தாளமும்தானே முக்கியம், அவை நிச்சயம் கேட்கும். முதலில் பழைய பெயரையே திரும்ப வைத்து விஎல்சியில் திறங்கள். பிறகு கம்ப்யூட்டரில் அதே விஎல்சியின் ‘கன்வர்ட்’ வசதியில் எம்பி3 பிரதி எடுத்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுங்கள். மூல ஃபைலை அழிக்கவே வேண்டாம், இன்னும் இரண்டு இடத்தில் நகல் போட்டு வையுங்கள்.

எனக்கும் கேட்க ஆசைதான். அனுப்புவதாக இருந்தால் வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள். போனில் ஓடவிட்டு, அதை இன்னொரு போனில் வாய்ஸ் மெசேஜாகப் பதிந்து அனுப்பிவிடாதீர்கள்.