ஸ்காபரோவின் இலவச ஊடகப் பட்டறைகள்: புதிதாக வந்த ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள தங்கச்சிக்கு,

வவுனியாவிலிருந்து கனடாவுக்கு, ரொறன்ரோ நகரத்தின் ஸ்காபரோவுக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன என்றும், 15 வயது மகனும் 13 வயது மகளும் பாடசாலை விட்டு வந்ததும் கைத்தொலைபேசியோடு அறைக்குள் போய்விடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து காணொளியும் ஒலிப்பதிவும் கணினியும் பழகும் இலவசப் பட்டறைக்கு அவர்களை அனுப்பலாமா, அல்லது மாதாமாதம் பணம் கட்டி நிரலாக்க வகுப்பில் சேர்ப்பதுதான் நல்லதா என்பது உங்கள் கேள்வி. நான் இங்கு வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. என் மகள் அவ்வாறான இரண்டு பட்டறைகளில் இருந்தவள் என்பதால், கண்டதை வைத்தே சொல்கிறேன்.

பணம் கட்டும் வகுப்பு இப்போதைக்கு வேண்டாம். நம் மாகாணமான ஒன்ராறியோவில் 2020இல் வந்த கணிதப் பாடத்திட்டத்தில் முதலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை நிரலாக்கம் சேர்க்கப்பட்டுவிட்டது; 2021 முதல் ஒன்பதாம் வகுப்புக் கணிதத்திலும் அது உண்டு. பாடசாலை கற்பிக்கும் ஒன்றுக்காக, வந்த முதல் ஆண்டில் வாடகைக் காசைக் கரைக்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு இப்போது குறைவாக இருப்பது பாடமன்று, பேசுவதற்கு ஆட்களே என்று நினைக்கிறேன்.

அதற்குத்தான் இந்தப் பட்டறைகள் உதவுகின்றன. இவை எப்படி நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1993இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்துக் கணினி அருங்காட்சியகத்தில், வசதி குறைந்த பகுதிப் பிள்ளைகளுக்காகக் ‘கம்பியூட்டர் கிளப்ஹவுஸ்’ என்ற ஓர் இடம் தொடங்கப்பட்டது. அங்கே வகுப்பு இல்லை, பரீட்சை இல்லை. பிள்ளை தனக்குப் பிடித்த ஒன்றைச் செய்யத் தொடங்கும், தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். 2007இல் வெளிவந்த ‘ஸ்கிராச்’ என்ற நிரலாக்கக் கருவியும் அத்தகைய மையங்களின் அனுபவத்திலிருந்து பிறந்ததுதான். ஆகவே முதல் நாள் உங்கள் மகன் வீட்டுக்கு வந்து “ஒன்றும் படிப்பிக்கவில்லை” என்று சொன்னால் ஏமாந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். தாயும் அல்லாத, ஆசிரியரும் அல்லாத ஒருவர் அவனுடைய குரலைக் கேட்டு “இந்த இடத்தைத் திரும்பப் பதிவு செய்து பார்ப்போமா” என்று கேட்பதுதான் அங்கே நடக்கும் படிப்பு.

முதலில் ஸ்காபரோ சிவிக் சென்ரர் நூலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ரொறன்ரோ பொது நூலகத்தின் நூறாவது கிளையாக 2015இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில் முப்பரிமாண அச்சு இயந்திரமும், ஒலி, காணொளித் தொகுப்புக்கான கணினிகளும் கொண்ட ஒரு டிஜிற்றல் கூடம் இருக்கிறது. ரொறன்ரோவில் வசிப்பவருக்கு நூலக அட்டை இலவசம். தாமதக் கட்டணத்தையும் 2022இல் நீக்கிவிட்டார்கள். அங்கே கை பழகியபின், சமூக நிறுவனங்கள் நடத்தும் பட்டறைகளைத் தேடலாம்.

அப்படியான நிறுவனங்களில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பெயர் வேண்டாம், ஓரிடத்தில் என் மகள் சேர்ந்தபோது அவளுக்கு 14 வயது. உங்கள் கதையைச் சொல்லுங்கள் என்று ஒரு பயிற்சி வைத்தார்கள். சொந்தக் குரலையும் சில படங்களையும் சேர்த்து இரண்டு மூன்று நிமிடத்தில் கதை சொல்லும் இந்த முறை 1990களில் கலிபோர்னியாவில் உருவானது, முறையில் பிழையில்லை. ஆனால் தமிழ்ப் பிள்ளை என்று தெரிந்ததும், போரைப் பற்றியும் அம்மா ஓடி வந்த பாதையைப் பற்றியும் செய்தால் நன்றாக இருக்கும் என்று அங்கிருந்த ஒருவர் மூன்று கிழமையாக வற்புறுத்திக்கொண்டிருந்தார். அவளோ இங்கே பிறந்தவள். அவள் செய்ய விரும்பியது, லோரன்ஸ் கிழக்கு வீதியில் ஓடும் 54ஆம் இலக்கப் பேருந்தில் ஒரு மாலைப் பொழுதில் கேட்கும் மொழிகளையெல்லாம் பதிவு செய்வது. நான் போய்ப் பேசிய பிறகுதான் விட்டார்கள். நான்கு நிமிடத்துக்குள் அடங்கிய அந்த ஒலிப்பதிவில் தமிழ் ஒரே ஒரு இடத்தில் வருகிறது: யாரோ ஓர் அம்மா தொலைபேசியில், சோற்றை இறக்கி வை என்கிறார். இன்றுவரை அதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். உங்கள் பிள்ளைகள் ஊரிலிருந்தே வந்தவர்கள். அவர்களிடம் இந்த வற்புறுத்தல் இன்னும் பலமாக இருக்கலாம். சொல்ல விரும்பினால் சொல்லட்டும், ஆனால் கேட்கிறார்களே என்பதற்காகச் சொல்ல வேண்டியதில்லை என்று முன்கூட்டியே இருவரிடமும் கூறிவையுங்கள்.

படம் எடுக்கவும் வெளியிடவும் ஒரு சம்மதப் படிவம் தருவார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்த பின் கையெழுத்திடுங்கள். வெளியிடுவதற்கு மட்டும் சம்மதமில்லை என்று எழுதிக் கொடுக்கலாமா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. பிள்ளைகளோடு பழகும் பணியாளர்கள் பொலிஸ் சரிபார்ப்புப் பெற்றவர்களா என்றும், பட்டறைக்கு இன்னும் எத்தனை மாதத்துக்கு நிதி இருக்கிறது என்றும் விசாரியுங்கள். இவற்றிற் பல குறுகிய கால மானியத்தில் நடப்பவை. மானியம் முடிந்ததும், பிள்ளை நெருங்கிப் பழகிய வழிகாட்டி ஒரு வெள்ளிக்கிழமையோடு காணாமற் போய்விடுவார். என் மகள் அதற்காக அழுதிருக்கிறாள். பொதுக் கணினியில் செய்த வேலை அழிந்துபோகலாம் என்பதால், ஒவ்வொரு நாளும் பிரதி எடுத்துவர ஒரு சிறு யுஎஸ்பி கொடுத்துவிடுங்கள்.

உயர்நிலைப் பாடசாலை முடிக்க ஒன்ராறியோவில் 40 மணி நேரச் சமூக சேவை தேவை. மகன் சற்றுப் பழகியபின் சிறுவர்களுக்கு உதவியாளனாக நின்றால் அந்த மணித்தியாலங்களைச் சேர்க்கலாம். தொடங்குவதற்கு முன்பே பாடசாலையில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

போக்குவரத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஸ்காபரோ ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டபின் அந்தப் பாதையையே மூடிவிட்டார்கள். கெனடி நிலையத்திலிருந்து பேருந்துதான். 12 வயது வரைதான் இலவசம். மகளுக்கு 13 ஆகிவிட்டதால், இருவருக்கும் பயணக் கட்டணம் செலுத்தும் பிரெஸ்ரோ அட்டை வாங்கி, அதில் இளையோர் கட்டணத்தைப் பதிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெரியவர்களுக்கான காசைத்தான் கழிக்கும்.