கையெழுத்துப் போடும் முன் ஒரு வாரம்: சிறப்புக் கல்வி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, டவுன் சின்ட்ரோம். அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. வாரம் ஒருநாள் வரும் சிறப்பாசிரியர், இந்த வருடத்துக்கான தனிக் கல்வித் திட்டம் என்று இரண்டு பக்கத் தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார். ‘பேச்சுத் திறன் மேம்படும்’, ‘எண்களை அறிவான்’ என்றெல்லாம் எழுதியிருக்கிறது. இதில் நான் கருத்துச் சொல்லலாமா? - ஒரு தாய், முசிறி

பதில்: கட்டாயம் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை வருகிறவர் உங்கள் மகனைப் பார்ப்பது ஓரிரு மணி நேரம். பசித்தால் எப்படிக் கேட்கிறான், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்கிறான், சட்டை போடும்போது எந்த இடத்தில் நின்றுவிடுகிறான் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அது ஏறாத திட்டம் பாதித் திட்டம்.

தாளை வீட்டுக்கு வாங்கி வாருங்கள். ஒரு வாரம் அவகாசம் கேட்பதில் தவறே இல்லை. அந்த வாரம் ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள்: தானாகச் செய்வது, கொஞ்சம் கைகொடுத்தால் செய்வது, இன்னும் வராதது. இலக்குகள் நடுக்கட்டத்திலிருந்து வர வேண்டும். மூன்றாவது கட்டத்திலிருந்து எடுத்தால் குழந்தை சலித்துப்போய் வருடம் வீணாகும். ஒரு எச்சரிக்கை: ‘தானே சாப்பிடுவான்’ என்று பாசத்தில் எழுதிவிடுவோம்; பார்த்தால் சோற்றைப் பிசைந்து வைப்பது நாமாக இருப்போம். அப்படி எழுதினால் திட்டம் தொடங்கும் இடமே தவறிப்போகும். பிசைந்து கொடுத்தால் சாப்பிடுவான் என்றே எழுதுங்கள்.

எந்த மதிப்பீட்டுப் படிவத்தை வைத்து இலக்கு எழுதினார்கள் என்றும் கேளுங்கள். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்காகச் சென்னையில் உருவான எம்.டி.பி.எஸ். (மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்) படிவத்தில் 18 பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 20 படிகள், ஆக 360. உண்பது, உடுத்துவது, கழிப்பறைப் பழக்கம், பேச்சு, எண், பணம், நேரம் எல்லாம் எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் வரிசையில் இருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் உங்கள் மகன் எந்தப் படியில் நிற்கிறான் என்று தெரிந்தால், அடுத்த படி எது என்பது தானாகப் புலப்படும்.

‘எண்களை அறிவான்’ என்பது இலக்கே இல்லை; வருடக் கடைசியில் அதை ஆமென்றும் சொல்லலாம், இல்லையென்றும் சொல்லலாம். இப்படி மாற்றச் சொல்லுங்கள்: ‘பத்துப் புளியங்கொட்டையை முன்னால் வைத்து “மூணு கொடு” என்றால், யாரும் விரல் காட்டாமல், ஐந்து தடவையில் நான்கு தடவை சரியாக எடுத்துத் தருவான். அரையாண்டுத் தேர்வுக்குள்.’ எந்தச் சூழலில், எதை, எவ்வளவு உதவியோடு, எத்தனை தடவைக்கு எத்தனை, எப்போதுக்குள் என்ற ஐந்தும் அதில் வந்துவிட்டன. மூன்று மாதத்துக்கு இப்படி நான்கைந்து இலக்கு போதும். இருபது இலக்கு எழுதிய திட்டம் பெரும்பாலும் பீரோவில்தான் இருக்கும். அடுத்து உட்கார்ந்து பார்க்கும் தேதியையும் அதே தாளில் எழுதி, நகல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பேச்சு இலக்கைத் தொடும் முன் காதைப் பரிசோதியுங்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைவது சாதாரணமாக நடப்பது. சரியாகக் காதில் விழாத சொல்லை எப்படித் திருப்பிச் சொல்வான்? பார்வை, தைராய்டு பரிசோதனைகளையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஒன்பது வயது மகனுக்கு ஆட்டிசம். பள்ளியில் தானாகவே கழிப்பறைக்குப் போகிறான் என்கிறார்கள். வீட்டில் ஒருநாளும் போனதில்லை. யார் சொல்வதை நம்புவது? - ஒரு தந்தை, மதுரை

பதில்: இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர் ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குத் தாமாகக் கொண்டுபோவதில்லை. பள்ளியில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். இடைவேளை மணி, சுவரில் ஒரு படம், இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டை, ஆசிரியர் சொல்லும் ஒரே ஒரு சொல் என்று அவனுக்கு நாலு துப்பு கிடைத்துக்கொண்டிருக்கும். வீட்டிலோ பட்டன் வைத்த கால்சட்டை. அம்மா ஒரு சொல், பாட்டி ஒரு சொல். அதே படத்தை வீட்டுக் கழிப்பறைக் கதவில் ஒட்டுங்கள். சொல்லும் சொல்லை எல்லோரும் ஒன்றாக்குங்கள்.

உதவியைக் குறைக்கும் வரிசையையும் பள்ளியோடு பேசி வையுங்கள்: கையைப் பிடித்து நடத்துவது, முழங்கையைத் தொடுவது, படத்தைச் சுட்டுவது, பிறகு பத்து விநாடி பேசாமல் காத்திருப்பது. ‘போ, போ’ என்று வாயால் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. வாய்ச்சொல்லுக்குப் பழகிய பிள்ளையை அதிலிருந்து விடுவிப்பது மிகக் கடினம். ‘பள்ளியில் வந்த திறமை இரண்டு வாரத்தில் வீட்டிலும் வர வேண்டும்’ என்பதையே தனி இலக்காகத் திட்டத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: மகள் எட்டாம் வகுப்பு, டிஸ்லெக்சியா என்ற வாசிப்பு, எழுத்துச் சிரமம். பத்தாம் வகுப்புச் சலுகைகளை அப்போது பார்த்துக்கொள்ளலாமா? - ஈரோடு வாசகி

பதில்: இப்போதே தொடங்குங்கள். தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவை உண்டு. மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்து, தேர்வுக்கு முன்பே ஆணை வாங்க வேண்டும். சான்று வாங்கவே மாதங்கள் ஓடிவிடும். அதைவிட முக்கியம், ஒருவருக்குச் சொல்லி எழுத வைப்பது தனித் திறமை. பதிலை மனதில் கோத்து, நிறுத்தி நிறுத்திச் சொல்லப் பழக வேண்டும். பழகாத பிள்ளை தேர்வறையில் திணறும். ஆகவே எட்டாம் வகுப்புப் பருவத் தேர்விலேயே அதே ஏற்பாட்டைக் கேளுங்கள்.

கேள்வி: ‘உங்கள் பையனைச் சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்’ என்று சொல்லிப் பள்ளியில் திருப்பி அனுப்புகிறார்கள். என்ன செய்வது? - கடலூர் வாசகர்

பதில்: 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு, அருகமைப் பள்ளியிலோ, தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமையை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு தருகிறது. தேர்வு செய்வது உங்கள் பக்கம். சேர்க்கை மனுவை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் இந்த ஒரு வேண்டுகோளிலேயே பேச்சு மாறும். மாறாவிட்டால் வட்டார வள மையம், முதன்மைக் கல்வி அலுவலர், அடுத்து மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர்.

சேர்ந்தபின் பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம் கேளுங்கள். அதில் முக்கால் பங்கு பெற்றோர். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் பெற்றோருக்கும் உரிய பங்கு தர வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். சாய்தளம், கைப்பிடி வைத்த கழிப்பறை போன்றவற்றை அந்தக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுத வையுங்கள். வாய்மொழியாகக் கேட்டது தலைமையாசிரியர் மாறும்போது மறந்துபோகும். தீர்மானப் புத்தகம் பள்ளியிலேயே இருக்கும்.