15,000 ரூபாய்க்கு எமர்ஜென்சி கிட் வாங்கலாமா?

கேள்வி: சென்னை தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் தரைத்தள வீடு. சொந்த வீடுதான், கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார் என ஐந்து பேர். மாமியார் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். 2023-ல் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் முட்டி அளவு தண்ணீர். மூன்று நாள் மாடி வீட்டுக்காரர் தயவில் இருந்தோம், கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. இந்த முறை முன்கூட்டியே தயாராக நினைக்கிறேன். ஆன்லைனில் '72 மணி நேர எமர்ஜென்சி கிட்' 14,999 ரூபாய்க்கு வருகிறது. டென்ட், ஸ்லீப்பிங் பேக், 50,000 எம்ஏஎச் சோலார் பவர் பேங்க், டார்ச், தண்ணீர் வடிகட்டும் ஸ்ட்ரா, கத்தி, விசில் எல்லாம் உண்டு. மூன்று மாத நோ-காஸ்ட் இ.எம்.ஐ. பிள்ளைகளும் கேம்பிங் போகலாம் என்று நச்சரிக்கிறார்கள், ஒரே செலவில் இரண்டும் முடியும். சம்பளம் 52,000, கையில் சேமிப்பு 40,000. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். தயாராக வேண்டும் என்ற உங்கள் முடிவு முழுக்கச் சரி. 2015-லும் 2023-லும் தண்ணீர் ஏறிய பகுதியில் இருப்பவர் அடுத்த ஐப்பசி, கார்த்திகையை நினைத்துப் பயப்படுவதில் தவறே இல்லை. ஆனால் அந்தப் பெட்டி உங்கள் வீட்டுக்காகச் செய்யப்பட்டதல்ல. காட்டிலோ மலையிலோ தனியாக மாட்டிக்கொண்ட ஒருவரை மனதில் வைத்து அடுக்கியது. உங்களுக்கு நடந்தது வேறு. நீங்கள் ஊரைவிட்டு ஓடவில்லை, மாடியில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தீர்கள். அந்த மூன்று நாளில் எது எது இல்லாமல் தவித்தீர்கள் என்று மனைவியையும் மாமியாரையும் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். டென்டும் கத்தியும் அந்தத் தாளில் வராது. குடிதண்ணீர், வெளிச்சம், போன் சார்ஜ், மருந்து, கையில் ரொக்கம், இவைதான் வரும். இந்த வரிசையிலேயே காசைப் போடுவோம்.

தண்ணீரில் தொடங்குகிறேன். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால், ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர். அதாவது மூன்று கேன். வழக்கமாக ஒரு கேன் வாங்குகிற வீடாக இருந்தால், கேன் போடுபவரிடம் டெபாசிட் கட்டி இன்னும் இரண்டு கேன் வாங்கிக்கொள்ளுங்கள். 400 ரூபாய்க்குள் முடியும். மூன்றையும் வரிசையாக வைத்து, பழையதை முதலில் எடுத்துப் புது கேனைப் பின்னால் வைத்தால் தண்ணீர் ஒருபோதும் கெடாது, செலவும் கூடாது. புயல் எச்சரிக்கை வந்த அன்று நிறைந்த கேன்களை மாடிக்கு ஏற்றிவிட்டு, மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியையும் நிரப்பிவிட வேண்டும். அந்த ஸ்ட்ராவை நம்பாதீர்கள். நம் தெருக்களில் தேங்குவது வெறும் மழைநீர் அல்ல, கழிவுநீர் கலந்தது. இப்படி விற்கும் ஸ்ட்ராக்களில் பெரும்பாலானவை வைரஸையோ தண்ணீரில் கரைந்த ரசாயனத்தையோ நீக்காது. பிள்ளைகள் வாயில் அதை வைக்க விடவே வேண்டாம்.

அடுத்து பவர் பேங்க். இந்த ஒரு பொருளில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எம்ஏஎச் என்பது எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்பதற்கான அளவு, அது உள்ளே இருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட்டில் போடப்படுவது. 10,000 எம்ஏஎச் என்றால் 37 வாட்-அவர். போனுக்கு 5 வோல்ட்டில் போகும்போது கொஞ்சம் சூடாக வீணாகும். அதனால் 5,000 எம்ஏஎச் பேட்டரி உள்ள போனை ஏறத்தாழ ஒன்றரை முறை சார்ஜ் செய்யலாம், இரண்டு முறை வராது. நல்ல தயாரிப்பாளர்கள் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று தனியாக அச்சிட்டிருப்பார்கள். 10,000 பவர் பேங்கில் அது 6,000 சொச்சம் இருக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும். அது அச்சிடப்படாத பொருளைத் தொடவே வேண்டாம்.

எடை இன்னொரு நல்ல சாட்சி. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 200 கிராம் இருக்கும். அப்படியானால் 50,000 என்பது ஒரு கிலோவை நெருங்க வேண்டும். நீங்கள் அனுப்பிய விவரத்தில் எடை 290 கிராம் என்று போட்டிருக்கிறது. உள்ளே என்ன இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மேலே ஒட்டியிருக்கும் உள்ளங்கை அகல சோலார் தகடு சுட்டெரிக்கும் வெயிலில்கூட ஒன்று, ஒன்றரை வாட்தான் தரும். அதை நம்பி ஒரு 10,000 பவர் பேங்கை நிரப்பவே 25 மணி நேரத்துக்கு மேல் நேரடி வெயில் வேண்டும். புயல் நாளில் வெயிலுக்கு எங்கே போவது? பவர் பேங்குக்கு பி.ஐ.எஸ். எனும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். பின்பக்கம் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அதை அடித்தால் தயாரிப்பாளர் பெயர் வர வேண்டும். வராவிட்டால் விட்டுவிடுங்கள், லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கிற சாமான். தேறும் கம்பெனியின் 10,000 எம்ஏஎச் 1,200 ரூபாய்க்குக் கிடைக்கும். மழைக்காலம் முழுக்க மாதம் ஒருமுறை சார்ஜ் பார்த்து வையுங்கள்.

வெளிச்சத்துக்கு, கரண்ட் போனாலும் எரியும் ரீசார்ஜபிள் எல்.இ.டி. பல்பு இரண்டு போதும், 700 ரூபாய். ஹோல்டரில் மாட்டி தினமும் எரிய விடலாம், கரண்ட் போனால் மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும். கூடவே சாதாரண செல் போடும் டார்ச் ஒன்று, தலையில் மாட்டும் விளக்கு ஒன்று. மாமியாரை இருட்டில் படியேற்றும்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும் அல்லவா? அட்டையில் வெளிச்ச அளவை '10,000 லுமென்' என்று மிகைப்படுத்திப் போட்ட 300 ரூபாய் டார்ச்சை ஒதுக்கிவிட்டு, ஐ.பி.எக்ஸ் 4 என்று போட்டதைப் பாருங்கள். எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்று அர்த்தம். செல்லைக் கழற்றி டார்ச்சோடு சேர்த்துக் கட்டி வையுங்கள், உள்ளேயே விட்டால் கசிந்து டார்ச்சையே கெடுத்துவிடும்.

டென்டுக்குப் பதிலாக உங்களுக்குத் தேவை ஒரு நல்ல தார்ப்பாய். மாடியில் சாரல் அடிக்கும் பக்கம் கட்டலாம், மேலே ஏற்றிய சாமான்களை மூடலாம். பாரிமுனையில் 12-க்கு 18 அடி தார்ப்பாய் கேளுங்கள், கேட்கும்போதே எத்தனை ஜி.எஸ்.எம். என்றும் கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதுதான் அது. கடைக்காரர் 150 என்று சொன்னால் தராசில் வைக்கச் சொல்லுங்கள். 12-க்கு 18 அடி என்பது 20 சதுர மீட்டர், ஆக 3 கிலோ இருக்க வேண்டும். 2 கிலோ காட்டினால் அது 100 ஜி.எஸ்.எம்., அதற்கு உண்டான விலைதான் கொடுக்க வேண்டும். ஓரத்தில் கயிறு உள்ளே ஓடுகிறதா, கண்களுக்கு அலுமினிய வளையம் உறுதியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 1,500 ரூபாய் ஒதுக்கலாம்.

அடுப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. வீட்டில் காஸ் சிலிண்டர் இருக்கும்வரை கேம்பிங் அடுப்பு தேவையில்லை. இண்டக்‌ஷனை மட்டும் நம்பியிருக்கும் வீடுகளுக்குத்தான் அந்தச் செலவு.

மாமியாரின் இன்சுலினுக்கு ஏதாவது போர்ட்டபிள் ஃப்ரிட்ஜ் என்று தேடிவிடாதீர்கள். பல வகை இன்சுலின்கள் திறந்த பிறகு 30 டிகிரிக்குக் கீழே சுமார் நான்கு வாரம் தாங்கும். எந்த வகை, எத்தனை நாள் என்பது பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும், டாக்டரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் மழையில், ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் டப்பாவில் வைத்தால் குளிர்ச்சியாகவே இருக்கும். அவருடைய மாத்திரைகள் எப்போதும் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும். அதோடு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், காய்ச்சல் மாத்திரை, கட்டுத்துணி சேர்த்து 600. செல்லில் ஓடும் எஃப்.எம். ரேடியோ 500, சிக்னல் இல்லாத நாளில் செய்தி வேறு எப்படி வரும்? பத்திரம், பாலிசி, பாஸ்புக் வைக்கத் தண்ணீர் புகாத பை 200. டார்ச்சுக்கும் தலைவிளக்குக்கும் ஒரு 600.

இதுவரை மொத்தம் 5,700 ரூபாய்.

மீதி 9,300-ல் 4,000 ரூபாயை ரொக்கமாக வீட்டில் வையுங்கள், 100-ம் 50-ம் 20-மாக. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் 'எல்லாம் ஜிபேதானே சார்' என்கிறார்கள். டவர் படுத்துவிட்டால் யு.பி.ஐ.யும் படுத்துவிடும், ஏ.டி.எம்.மும் கார்டு மெஷினும் அப்படியே. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது பணமதிப்பு நீக்கம் அறிவித்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. கையில் நோட்டு இல்லை, கார்டு போட்டால் மெஷின் வேலை செய்யவில்லை. அந்த வாரம் பால் பாக்கெட்டுக்கு அலைந்தவர்களுக்கு 100 ரூபாய் நோட்டின் மதிப்பு தெரியும்.

மிச்சம் 5,300. இதை வீட்டுக் காப்பீட்டுக்கு ஒதுக்குங்கள். இதில்தான் உங்கள் குடும்பத்துக்குப் பெரிய பாதுகாப்பு இருக்கிறது. டார்ச்சும் தார்ப்பாயும் மூன்று நாளைச் சமாளிக்க உதவும். ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் கட்டிலும் போனால் அதன் நஷ்டம் மூன்று வருடம் உங்களைத் துரத்தும். 2021 ஏப்ரலிலிருந்து பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிரஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டை வழங்குகின்றன. புயல், வெள்ளம் இரண்டும் அதில் அடக்கம். கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே பாதுகாப்பு உண்டு. வீட்டுக்கடன் கொடுத்த வங்கி ஏற்கெனவே ஒரு பாலிசி எடுத்திருக்கலாம். அதை வாங்கிப் பாருங்கள், சாமான்கள் சேர்ந்திருக்கிறதா, கட்டடத் தொகை இன்றைய கட்டுமானச் செலவுக்குத் தகுந்ததா என்று. பின்னால் பேச்சு வராமல் இருக்க, ஒவ்வொரு அறையையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

கார் இருந்தால் தேர்டு பார்ட்டி பாலிசியில் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்தையும் ஏற்கும் காம்ப்ரிஹென்சிவ் வேண்டும், முடிச்சூருக்கு இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆனும் வேண்டும். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், அந்த ஆட்-ஆன் இல்லாத பாலிசிகளில் பெரும்பாலும் கிளெய்ம் கிடைக்காது. பைக்கும் அப்படித்தான். தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருகாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் அந்த நோ-காஸ்ட் இ.எம்.ஐ. அதில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழிக்கிறார்கள், ஆனால் அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் பிராசசிங் ஃபீயும் உங்கள் தலையில்தான். தொகை சின்னதுதான். என் கவலை அது அல்ல. 40,000 சேமிப்பு என்பது உங்கள் வீட்டுக்கு ஒரு மாதச் செலவைத் தாண்டாது. ஐந்து பேர் உள்ள வீட்டில் அவசரத்துக்கென்று வாங்கும் பொருளே அடுத்த மூன்று மாதச் சம்பளத்தில் 5,000, 5,000-மாகக் கை வைத்தால், வெள்ளத்துக்கு முன்பே நெருக்கடியை நாமே வரவழைத்த மாதிரி ஆகிவிடும். நான் சொன்ன பொருட்களை ஆகஸ்ட், செப்டம்பரில் ஒவ்வொன்றாக வாங்குங்கள். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்த அன்று மெழுகுவர்த்திகூட மிஞ்சாது, மிஞ்சுவதும் சொன்ன விலைக்குத்தான்.

பிள்ளைகளின் கேம்பிங் ஆசையை நான் தள்ளிப்போடச் சொல்லவில்லை. அதைப் பொழுதுபோக்குச் செலவாகத் தனியே எழுதுங்கள், அவசரச் செலவின் பெயரில் ஒளித்துவைக்க வேண்டாம். முதல் தடவை ஏலகிரியிலோ கொல்லிமலையிலோ டென்ட் போட்டுத் தரும் தனியார் இடம் ஒன்றில் ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கூடாரம் போடுவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. பிள்ளைகளுக்குப் பிடித்துப்போய், வருடத்தில் மூன்று, நான்கு முறை போவீர்கள் என்று தெரிந்த பிறகு சொந்த டென்ட் வாங்கலாம். மலைக் குளிருக்குப் பரணில் இருக்கும் கம்பளியே போதும், ஸ்லீப்பிங் பேக் அவசரமே இல்லை. டென்டில் 'நான்கு பேர்' என்று போட்டிருந்தால் நிம்மதியாக மூன்று பேர் படுக்கலாம். துணியின் நீர்த்தடுப்பு அளவை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள், நம் மழைக்கு 2,000-க்குக் குறையாமல் பாருங்கள். தையல் ஓரங்களில் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்க வேண்டும், தரைத்துணி நான்கு விரற்கடையாவது மேலே மடிந்து வர வேண்டும். வாங்கி வந்த வாரமே மொட்டை மாடியில் போட்டு, பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்து, பைப்பில் பத்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். எங்கே ஒழுகுகிறது என்று அவர்களே கத்திச் சொல்வார்கள், திருப்பிக் கொடுக்கும் தேதி தாண்டுவதற்குள் கடைக்குக் கொண்டுபோய்விடலாம்.