அடைப்புக்குறிக்குள் இருந்த வரி

கேள்வி: சிஸ்டர், தாராவி 90 அடி சாலைப் பக்கம் இருக்கிறோம். எனக்கு வயது 53. பிப்ரவரியில் சுகாதாரப் பணிப்பெண் வந்து கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குச் சீட்டு கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் லாக்டவுன். இப்போது நவம்பர் கேம்ப்புக்கு மறுபடியும் கூப்பிடுகிறார்கள். ஒரே கோலியில் (ஒற்றை அறை வீடு) ஆறு பேர் இருக்கிறோம், மாமியாருக்குச் சுகர். கொரோனாவை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவேனோ என்று பயம். கொரோனா சோதனைக்கு மூக்கில் ஸ்வாப் எடுத்து, தனிமைப்படுத்தும் சென்டருக்குக் கூட்டிப் போய்விட்டால் என்ன செய்வேன்? அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமா? (தீட்டு நின்று 3 வருடம் ஆகிறது. போன மாதம் மட்டும் இரண்டு நாள் லேசாகப் பட்டது.)

- வாசகி, மும்பை (2020)

பதில்: அம்மா, அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே ஒரு வரி, உங்கள் கடிதத்தில் அதுதான் பெரிய விஷயம். தீட்டு நின்று ஒரு வருடம் தாண்டிய பிறகு ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். பெரும்பாலும் சவ்வு மெலிந்து போனதாலோ சின்னச் சதை வளர்ச்சியாலோதான் இருக்கும். சிலருக்குப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதுவேதான். ஸ்கேன் பார்த்து, தேவைப்பட்டால் கர்ப்பப்பையின் உள்சவ்வில் துளி எடுத்துச் சோதித்தால்தான் எது என்று தெரியும். கேம்ப்பில் இது நடக்காது. அங்கே வினிகரில் இருக்கும் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, கர்ப்பப்பையின் வாய் வெளுக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். உங்களுக்கு வேண்டியது மகளிர் மருத்துவர். இந்த வாரமே போங்கள்.

மாட்டுங்காவில் என் பக்கத்து வீட்டு மாமிக்கு 64 வயது. ஜூனில் ஒரு நாள் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். கொடியில் முன்னால் மாமியின் புடவை, அதன் மறைவில் பழைய வேட்டித் துண்டுகள் நாலைந்து, நடுவில் எவ்வளவு தேய்த்தும் போகாத பழுப்புக் கறை. "எத்தனை நாளா மாமி?" என்றேன். "ஏப்ரல்லேர்ந்து. லோக்கல் ரயில் ஓடட்டும்னு இருந்தேன்" என்றார். மறுநாளே பஸ்ஸில் கூட்டிப் போனேன். ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்வாப் ரிப்போர்ட் இல்லாமல் உள்ளே விடவில்லை. இன்னொன்றில் பார்த்தார்கள். இப்போது ரேடியேஷன் நடக்கிறது. 28 வருடம் நர்ஸாக இருந்தவள், ஒரு சுவர் தள்ளி இருந்தும் இரண்டு மாதம் எனக்குத் தெரியாமல் போயிற்று. அதனால்தான் உங்களை இப்படி அவசரப்படுத்துகிறேன்.

உங்கள் பயம் வெறும் பயம் இல்லை. ஆறு பேர் ஒரே அறையில் இருக்கும்போது யாருக்குத்தான் வராது? கொரோனா முக்கியமாக மூச்சுக்காற்றில் பரவுகிறது. போன் செய்து கூட்டம் குறைந்த நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். மூக்கையும் மூடும்படி மாஸ்க் போடுங்கள். உள்ளே பெஞ்சில் நெருக்கி உட்காராமல், பெயர் கூப்பிடும் வரை வெளியே நில்லுங்கள். வீடு திரும்பியதும் குளித்துவிட்டு, சில நாள் மாமியார் பக்கத்தில் மாஸ்க்கோடு இருங்கள், படுக்கையையும் தள்ளிப் போடுங்கள். ஸ்வாப் பாசிட்டிவ் என்றால், தனி அறை இல்லாத வீடு என்பதால் சென்டருக்குப் போகச் சொல்லக்கூடும், மறைக்க மாட்டேன். அது சில நாள் கஷ்டம். உங்களையும் காப்பாற்றும், மாமியாரையும் காப்பாற்றும்.

சரி, கேம்ப். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத உங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டிருந்தால், சில மாதம் தள்ளலாம் என்று நானே சொல்லியிருப்பேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றுவதற்கு வழக்கமாகப் பல வருடம் பிடிக்கும். அதற்காக அந்தச் சோதனையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நம் மும்பைக் குடிசைப் பகுதிகளில்தான் டாடா நினைவு மருத்துவமனைக்காரர்கள் சுமார் 1,50,000 பெண்களை வைத்துப் பல வருடம் ஆராய்ந்தார்கள். பத்தாவது படித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இதே வினிகர் சோதனையைச் செய்யவைத்தார்கள். அந்த நோயால் வரும் சாவு 31 சதவீதம் குறைந்தது.

அதனால் சீட்டைக் கிழித்துவிடாதீர்கள். தீட்டு நின்ற மாதம், பட்ட தேதிகள், சாப்பிடும் மாத்திரைகள், எல்லாவற்றையும் அதன் பின்பக்கம் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.