பிரைமரி தேர்தல் கருத்துக்கணிப்புகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி: அமெரிக்கக் கட்சிகளின் பிரைமரி தேர்தலில் வரும் கருத்துக்கணிப்புகள் நம்பத்தக்கவையா? "பிழை வரம்பு ±4" என்று போட்டுவிட்டு, பத்து இருபது புள்ளி தவறுவது எப்படி?

பதில்:

பிரைமரி என்பது ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய மாநிலம் மாநிலமாக நடக்கும் தேர்தல். அதன் கணிப்பை, பொதுத்தேர்தல் கணிப்பை நம்பும் அளவில் பாதிதான் நம்பலாம். தேர்தல் புள்ளிவிவரங்களை அலசிய ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளம் 1998க்குப் பிந்தைய கணிப்புகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறது. கடைசி மூன்று வாரத்தில் எடுத்த கணிப்புகளில், அதிபர் பொதுத்தேர்தல் முன்னிலை சராசரியாக 4 புள்ளிக்குச் சற்று மேல் தவறியிருந்தது. பிரைமரியில் அது 9 புள்ளியை ஒட்டி இருந்தது. கணிப்பு நிறுவனங்கள் அவையேதான், கேள்வி கேட்கும் முறையும் அதேதான். எனவே காரணத்தைப் போட்டியின் தன்மையில்தான் தேட வேண்டும்.

முதலில் அந்த ± எண். 500 பேரிடம் கேட்டால் ±4.4, 1,000 பேரிடம் கேட்டால் ±3.1. இது ஒரு வேட்பாளரின் சதவீதத்துக்கான வரம்பு. முன்னிலைக்கான வரம்பு இதைவிடப் பெரிது. 500 பேர் மாதிரியில் ஒருவருக்கு 38, அடுத்தவருக்கு 30 என்று வந்தால், அந்த 8 புள்ளி முன்னிலைக்கு வரம்பு ±7.2. உண்மை 1 ஆகவும் இருக்கலாம், 15 ஆகவும் இருக்கலாம். இதற்கு மேல் எடையிடல் இருக்கிறது. மாதிரியில் இளைஞர் குறைந்து முதியவர் மிகுந்தால், இளைஞர் ஒருவரின் பதிலை ஒன்றரை ஆளாகவும் முதியவர் பதிலை முக்கால் ஆளாகவும் எண்ணிச் சரிக்கட்டுவார்கள். அப்படிச் செய்யும்போது 500 பேர் மாதிரியின் பலம் 330 பேர் அளவுக்கு இறங்குவது சகஜம். ±7.2 இப்போது ±8.9 ஆகிறது, 8 புள்ளி முன்னிலை இருந்தும் இல்லாதது போலத்தான்.

ஆனால் இது தற்செயல் பிழை மட்டுமே. தற்செயல் பிழை என்றால் சில கணிப்பு இந்தப் பக்கம் சாயும், சில அந்தப் பக்கம் சாயும். ஐந்தாறைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் கழிந்துவிடும். 2008 ஜனவரி 8ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயர் மாநிலப் பிரைமரியில் அப்படிக் கழியவில்லை. ஜனநாயகக் கட்சிக் கணிப்புகளின் சராசரி ஒபாமாவுக்கு 8 புள்ளி முன்னிலை காட்டியது. ஹிலாரி கிளின்டன் 39க்கு 36 என்ற கணக்கில் வென்றார். எல்லாமே ஒரே பக்கம், ஏறக்குறைய 11 புள்ளி தவறின. அதே நாளில் அதே நிறுவனங்கள் குடியரசுக் கட்சிப் பக்கம் மெக்கெய்ன் வெல்வார் என்று சரியாகவே சொல்லியிருந்தன. அதனால் "தொலைபேசிக் கணிப்பே உதவாது" என்ற வாதம் இங்கே எடுபடாது.

அமெரிக்கக் கருத்துக்கணிப்பு ஆய்வாளர் சங்கம் இதற்கென ஒரு குழு அமைத்து 2009இல் அறிக்கை வெளியிட்டது. இந்தத் துறையில் வந்த மிக நேர்மையான சுயபரிசோதனைகளில் அதுவும் ஒன்று. அயோவா மாநிலத்தின் காக்கஸ் (கட்சிக்காரர்கள் கூட்டமாகக் கூடி வேட்பாளரைத் தேர்வது) ஜனவரி 3இல் முடிந்தது. நியூ ஹாம்ப்ஷயருக்கு இடையில் ஐந்தே நாள். அந்த அவசரத்தில் முதல் அழைப்பிலோ இரண்டாவது அழைப்பிலோ தொலைபேசியை எடுத்தவர்களோடு பெரும்பாலும் மாதிரி நிரம்பியது. நான்கைந்து முறை கூப்பிட்டுப் பிடிக்க வேண்டியவர்களிடம் கிளின்டன் ஆதரவு கூடுதலாக இருந்தது. தொழிற்சங்கக் குடும்பங்கள் மாதிரியில் குறைவாக விழுந்தன. அவர்களும் கிளின்டன் பக்கம். ஜனவரி 5 விவாதம், 7ஆம் தேதி போர்ட்ஸ்மத் கடையில் கிளின்டன் கண்கலங்கிய காட்சி, இவற்றின் விளைவை முன்னதாகவே களப்பணியை முடித்துக்கொண்ட கணிப்புகள் பிடிக்க வழியில்லை. வாக்குச்சீட்டில் பெயர் வரிசை குலுக்கலில் விழுந்த எழுத்திலிருந்து அகர வரிசையில் அமைந்ததால், கிளின்டன் பெயர் மேலேயும் ஒபாமா பெயர் வெகு கீழேயும் இருந்தன. கணிப்பில் பெயர்களை ஆளுக்கு ஆள் மாற்றிப் படிப்பார்கள். சீட்டில் அந்த மாற்றம் இல்லை.

அப்போது பலர் சொன்ன காரணம், வெள்ளையர்கள் கறுப்பினத்தவரை ஆதரிப்பதாகப் பொய் சொன்னார்கள் என்பது. குழு அதையும் சோதித்தது. பேட்டி எடுத்தவர் கறுப்பினத்தவர் என்றால் ஒபாமா ஆதரவு சற்றுக் கூடியது உண்மை. ஆனால் வெள்ளையர் எடுத்த பேட்டிகளிலும் ஒபாமாதான் முன்னிலையில் இருந்தார். ஆகவே அது முக்கியக் காரணமாக நிற்கவில்லை. இதைத் தனியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அதே ஜனவரி 26இல் தென் கரோலினாவில் கணிப்புகள் ஒபாமாவின் முன்னிலையைக் குறைத்துக் காட்டின. அவர் கிட்டத்தட்ட 29 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். பதினெட்டு நாளுக்குள் பிழை எதிர்ப்பக்கம் திரும்பியது. "போன தடவை இவரைக் கூட்டிக் காட்டினார்கள், இந்தத் தடவையும் கழித்துக்கொள்வோம்" என்று கணக்குப் போடுகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

பிரைமரியின் பெரிய சிக்கல், யார் வாக்களிக்க வருவார்கள் என்பது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானையில் எந்த அரிசி கிடக்கிறது என்று தெரிந்தால்தான் செல்லும். 2016 மார்ச் 8, மிச்சிகனில் ஜனநாயகக் கட்சிப் பிரைமரி. கிளின்டன் 21 புள்ளி முன்னிலை என்றது சராசரி, சாண்டர்ஸ் 49.7க்கு 48.3 என்று வென்றார். அந்த மாநிலத்தில் கட்சிவாரி வாக்காளர் பதிவு கிடையாது. யார் வேண்டுமானாலும் எந்தக் கட்சிச் சீட்டையும் கேட்டு வாங்கலாம். முந்தைய தேர்தலைப் பார்த்துக் கணிக்கலாம் என்றால், 2008இல் மிச்சிகன் கட்சி விதியை மீறித் தேதியை முன்னால் இழுத்ததால் ஒபாமா பெயரே சீட்டில் இல்லை. அந்தப் புள்ளிவிவரம் எதற்கும் உதவாது. சில கணிப்புகள் பதிவுசெய்த குரலில் லேண்ட்லைனுக்கு மட்டும் அழைத்தன. முன் அனுமதி இல்லாமல் செல்பேசிக்குத் தானியங்கி அழைப்பு விடச் சட்டம் இடம் தராது. லேண்ட்லைன் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்; சாண்டர்ஸின் பலமோ இளைஞர்கள்.

இந்தத் தவறின் அளவைக் கற்பனை எண்களில் போட்டுப் பாருங்கள். 45 வயதுக்குக் கீழே சாண்டர்ஸுக்கு 70 சதவீதம், மேலே 35 சதவீதம் என்று வைப்போம். வாக்களிப்போரில் இளையவர்கள் 25 சதவீதம் என்று நிறுவனம் நினைத்தால் அவருக்கு வருவது 44. உண்மையில் 45 சதவீதம் பேர் வந்தால் கிடைப்பது 51. யாரும் மனம் மாறவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. இருவருக்கும் இடையிலான வித்தியாசம் மட்டும் 14 புள்ளி நகர்ந்துவிட்டது. பொதுத்தேர்தலிலும் இந்த ஊகம் உண்டு. ஆனால் அங்கே கட்சி அடையாளம் பெரும்பாலானோரின் வாக்கை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. பிரைமரியில் எல்லோரும் ஒரே கட்சி. அந்தப் பிடி இல்லை.

காக்கஸ் இன்னும் கடினம். 2020 வரை அயோவா ஜனநாயகக் கட்சிக் காக்கஸில் பெரும்பாலான வட்டங்களில் 15 சதவீதம் தேறாத வேட்பாளரின் ஆதரவாளர்கள் வேறு அணிக்குப் போக முடிந்தது. முதல் விருப்பத்தை மட்டும் கேட்ட கணிப்பு அந்த இரண்டாம் சுற்றைச் சொல்லவில்லை. அந்தக் காலக் கணிப்பைப் பார்த்தால் இரண்டாம் விருப்பத்தையும் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். குடியரசுக் கட்சியில் இந்த மறுசுற்று இல்லை, ஆனாலும் 2016இல் டெ மொய்ன் ரெஜிஸ்டர் நாளிதழின் கடைசிக் கணிப்பு டிரம்ப் 28, குரூஸ் 23, ரூபியோ 15 என்றது. முடிவு குரூஸ் 28, டிரம்ப் 24, ரூபியோ 23. அதே நாளிதழ் 2020இல் தன் கடைசிக் கணிப்பை வெளியிடாமலே நிறுத்தியது. ஒரு பேட்டியாளர் கணினித் திரையில் எழுத்தைப் பெரிதாக்கியதால் ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களில் ஒருவரான புட்டிஜெஜ் பெயர் பட்டியலிலிருந்து மறைந்திருக்கலாம் என்று தெரிந்ததும் அப்படிச் செய்தார்கள். நல்ல நிறுவனம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இது சான்று.

காலமும் ஏமாற்றும். 2020 பிப்ரவரி 26இல் தென் கரோலினாவின் செல்வாக்குள்ள ஜனநாயகக் கட்சி எம்.பி. கிளைபர்ன் பைடனை ஆதரித்தார். 29இல் பைடன் தென் கரோலினாவை ஏறத்தாழ 29 புள்ளியில் வென்றார். மார்ச் 1இல் புட்டிஜெஜும் 2இல் இன்னொரு வேட்பாளரான குளோபுச்சரும் விலகினர். 3இல் 14 மாநிலங்களில் வாக்குப்பதிவு. பிப்ரவரி கடைசி வாரத்தில் எடுத்த கணிப்பில் இருந்த பெயர்ப்பட்டியலே வாக்குப்பதிவு நாளில் இல்லை. குளோபுச்சர் முன்னிலை என்று காட்டிய மின்னசோட்டாவைப் பைடன் எடுத்தார்.

தேசிய அளவிலான பிரைமரிக் கணிப்பு வேறு ரகம். அப்படி ஒரு தேசியத் தேர்தலே நடப்பதில்லை. 2007இல் பெரும்பாலும் குடியரசுக் கட்சிப் பக்கம் அதில் முன்னணியில் இருந்த ஜூலியானி ஒரு மாநிலத்தையும் வெல்லவில்லை. முன்கூட்டிய கணிப்பு பெரும்பாலும் பெயர் தெரிந்திருப்பதையே அளக்கிறது. அதற்காகத் தள்ளிவிடவும் கூடாது. 2015 ஜூலையிலிருந்து டிரம்ப் முன்னணி என்று அவை மாதக்கணக்கில் காட்டின. "இது நிலைக்காது" என்று சொன்ன நிபுணர்கள்தான் தவறினார்கள்.

ஒரு கணிப்பு கையில் வந்தால் தலைப்பு எண்ணைக் கடைசியில் பாருங்கள். முதலில் களப்பணித் தேதி: இடையில் விவாதமோ விலகலோ இன்னொரு மாநில முடிவோ வந்திருந்தால் அது பழைய படம். அடுத்து, மாதிரியின் எந்தப் பகுதி பிரைமரிக்கு உரியது: "800 வாக்காளர்கள்" என்று போட்டிருக்கும், அதில் அந்தக் கட்சிச் சீட்டு வாங்கப்போகிறவர்கள் 300 பேராக இருக்கலாம். உட்பிரிவு அட்டவணைகளில் இன்னும் கவனம் தேவை. 400 பேரில் இளைஞர்கள் 48 பேர் என்றால் அந்த வரிசைக்கு வரம்பு ±14. முடிவெடுக்காதவர்களையும் "மாறக்கூடும்" என்பவர்களையும் கூட்டுங்கள். அது முன்னிலையைவிடப் பெரிதாக இருந்தால் முன்னிலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. வேட்பாளர் தரப்பே வெளியிட்ட கணிப்பு என்றால், சாதகமாக இருந்ததால்தான் வெளியே வந்தது என்று கொள்ளுங்கள். கடைசி நாட்களில் ஐந்தாறு சிறு கணிப்புகள் எல்லாம் 7, 8, 8, 9 என்று ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள். 500 பேர் மாதிரிகள் இயல்பாகவே அதைவிடச் சிதற வேண்டும். ஒருவர் எண்ணைப் பார்த்து மற்றவர் திருத்தியிருக்க வாய்ப்புண்டு.

இவ்வளவு தளர்வான அளவுகோலை வேட்பாளர் விவாத மேடையின் வாசல் காவலுக்கு நிறுத்துவதைத்தான் நான் ஏற்க மாட்டேன். 2015 ஆகஸ்ட் 6 குடியரசுக் கட்சியின் கிளீவ்லாந்து விவாதத்துக்கு ஐந்து தேசியக் கணிப்புகளின் சராசரியில் முதல் பத்துப் பேரை எடுத்தார்கள். 2019 செப்டம்பர் ஜனநாயகக் கட்சி விவாதத்துக்கு, 1,30,000 நன்கொடையாளர்களோடு நான்கு கணிப்புகளில் 2 சதவீதமும் வேண்டும் என்றார்கள். 400 பேர் கணிப்பில் ஐந்து பேர் ஒருவர் பெயரைச் சொன்னால் 1.25, அச்சில் 1 என்று வரும். ஆறு பேர் சொன்னால் 1.5, அது 2 ஆகிவிடும். ஆறாவது ஆள் அன்று மாலை தொலைபேசியை எடுக்காமல் போனால் வேட்பாளருக்கு மேடையில் இடமில்லை. கணிப்பை வைத்தே தீர வேண்டும் என்றால், தகுதியான எல்லாக் கணிப்புகளின் பதில்களையும் ஒன்றாகக் கூட்டி, முழு எண்ணாக்காமல், சில ஆயிரம் பேர் மாதிரியாக்கிப் பிறகு கோடு கிழிக்கட்டும்.